ஒன்ராறியோவில் எலக்ட்ரிசியன் ஆவதற்குக் கல்லூரியா, வேலையா?

தம்பி கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். வயது 24. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு வருடம், நிரந்தர வதிவிட உரிமை இருக்கிறது, ஸ்காபுறோவில் ஒரு கிடங்கில் இரவு வேலை. எலக்ட்ரிசியன் ஆக விருப்பம். அத்தான் சொல்கிறார், கல்லூரியில் ஒரு வருட 'எலக்ட்ரிக்கல் டெக்னிக்ஸ்' சான்றிதழ் படி, முடித்தால் எலக்ட்ரிசியன் என்று. மாமாவின் நண்பர் ஒருவர் சொல்கிறார், படிப்பெல்லாம் வீண் செலவு, என்னோடு வா, கையில் காசு தருகிறேன், வேலை தானாகப் பிடிபடும் என்று. இருவரில் யார் சொல்வதைக் கேட்பது? நீங்கள் கேட்டது அதுதான் என்றாலும், முதலில் விளங்க வேண்டியது இங்கே ஒருவரைச் சட்டப்படி எலக்ட்ரிசியன் ஆக்குவது எது என்பது. அது விளங்கினால் அத்தானும் பிழை, மாமாவின் நண்பர் அதைவிடப் பெரிய பிழை என்பது தெரிந்துவிடும்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரொறன்ரோவில் 309ஏ எனப்படும் கட்டட மின்வேலை உரிமத்தோடு பதினாறு வருடமாக வேலை செய்கிறேன். வீடுகள், கடைகள், அலுவலகக் கட்டடங்கள். என்னோடு வேலை பழகிய அப்ரண்டிஸ்கள் ஏழெட்டுப் பேர். தொழிற்சாலை இயந்திரங்களின் மின்வேலை வேறொரு தொழில். அதற்கு 442ஏ என்று தனி இலக்கம். அதைப் பற்றி என்னிடம் கேட்டால் கேள்விப்பட்டதைத்தான் சொல்ல முடியும். மற்ற மாகாணங்களின் விதிகளும் வேறு. ஆகவே கீழே எழுதுவது ஒன்ராறியோவுக்கு, கட்டட மின்வேலைக்கு மட்டும்.

சந்தேகமே இல்லாத விஷயங்களை முதலில் சொல்கிறேன். 309ஏ ஒரு கட்டாயத் தொழில். அதாவது உரிமம் பெற்றவரோ, பதிவு செய்த அப்ரண்டிஸோ தவிர வேறு யாரும் கூலிக்கு இந்த வேலையைச் செய்யக் கூடாது. அப்ரண்டிஸ் காலம் 9000 மணி நேரம். முழுநேர வேலை இடைவிடாமல் இருந்தால் ஏறக்குறைய ஐந்து வருடம். இந்த 9000இல் வகுப்பறைக்கு ஒதுக்கியது 840 மணி மட்டுமே: முதல் நிலை எட்டு வாரம், இரண்டாம் நிலை பத்து வாரம், மூன்றாம் நிலை பத்து வாரம். ஐந்து வருடத்தில் 28 வாரம்! மிச்சமெல்லாம் ஏணியிலும் கூரைக்கு மேலும் தோண்டிய குழியிலும்தான். அந்த வகுப்புகளுக்கு உங்களை அழைப்பதற்கு முன், ஒரு முதலாளி உங்களோடு பயிற்சி ஒப்பந்தம் செய்து அது பதிவாகியிருக்க வேண்டும். 2022இலிருந்து இந்தத் தொழில்களுக்குப் பொறுப்பான அமைப்பு ஸ்கில்ட் ட்ரேட்ஸ் ஒன்ராறியோ. மணியும் வகுப்பும் முடிந்த பிறகு உரிமப் பரீட்சை: நூறு கேள்வி, பல்தேர்வு, எழுபது சதவீதம் எடுக்க வேண்டும். தேறினால் உரிமத்தோடு ரெட் சீல் முத்திரையும் கிடைக்கும். மற்ற மாகாணங்களிலும் அது செல்லும்.

இப்போது அத்தான் சொன்ன ஒரு வருடச் சான்றிதழ் இந்தக் கணக்கில் எங்கே வருகிறது என்று பாருங்கள். எங்கேயும் வரவில்லை. அது இதற்கு முன்னால் நிற்கிற ஒரு படி. படித்தால் நல்லது, படிக்காவிட்டாலும் கதவு மூடாது. குழப்பம் வருவதற்குக் காரணம், இரண்டும் நடப்பது ஒரே கட்டடத்தில் என்பதுதான். ஜோர்ஜ் பிறவுன் கல்லூரியின் காசா லோமா வளாகத்துக்கோ டுறம் கல்லூரியின் விட்பி வளாகத்துக்கோ போனால், ஒரு நடைகூடத்தில் சான்றிதழ் மாணவர்கள் இருப்பார்கள், பக்கத்து அறையில் அப்ரண்டிஸ்கள் இருப்பார்கள். பல நேரம் படிப்பிப்பவரும் ஒருவரே, ஆய்வுகூடமும் ஒன்றே. ஆனால் சான்றிதழ் மாணவன் வருடத்துக்குச் சில ஆயிரம் டொலர் கட்டுகிறான். அப்ரண்டிஸ் ஒரு நிலைக்குச் சில நூறு டொலர்தான் கட்டுகிறான். மிச்சத்தை அரசு சுமக்கிறது. போதிய மணி நேரம் வேலை செய்திருந்தால், வகுப்பில் இருக்கிற வாரங்களுக்கு வேலையின்மைக் காப்புறுதிப் பணமும் வரும். அதோடு ஒவ்வொரு வகுப்புக் காலத்துக்கும் நாலாயிரம் டொலர் வரை வட்டியில்லாத மத்திய அரசுக் கடன் எடுக்கலாம். அப்ரண்டிஸ்களுக்கு மத்திய அரசு முன்பு தந்த, அத்தான் இன்னும் நினைவில் வைத்திருக்கிற ஆயிரம் டொலர் ஊக்கத்தொகை மட்டும் 2025 மார்ச் 31உடன் நின்றுவிட்டது. அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

சரி, அப்படியென்றால் கல்லூரியே வேண்டாமா? இங்கேதான் மாமாவின் நண்பரோடு முரண்படுகிறேன். வேலையில் கிடைக்காத சில விஷயங்களைக் கல்லூரிதான் எனக்குத் தந்தது. ஊரில் பத்தாம் வகுப்பு விஞ்ஞானத்தில் மின்சாரம் வருகிற உயிர்க்கம்பி, அது திரும்பிப் போகிற நொதுமல் கம்பி, நிலத்தோடு இணைக்கிற புவிக்கம்பி என்று படித்திருப்பீர்கள். நான் அங்கே பார்த்துப் பழகியது சிவப்பு உயிர்க்கம்பி, கறுப்பு நொதுமல். இங்கே கறுப்புத்தான் உயிர்க்கம்பி. வெள்ளை நொதுமல், வெறும் செம்பு புவி. முதல் நிலை வகுப்பின் இரண்டாம் நாள், பயிற்சிப் பலகையில் என் கை தானாகவே கறுப்பை நொதுமல் பட்டைக்குக் கொண்டுபோனது. படிப்பித்தவர் ஒரு வயதான போர்த்துக்கேயர். ஒன்றும் பேசாமல் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். பலகையில் மின்சாரம் இல்லை, அதனால் இன்று சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். மூளை மறந்தாலும் கை மறக்காது. பிழையாகப் பழகிய கையைத் திருத்துவதற்கு, பிழை விட்டாலும் யாரும் சாகாத ஓர் இடம் வேண்டும். அது ஆய்வுகூடம்தான்.

நிறம் மட்டுமா? அங்கே வீட்டுக்கு 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். இங்கே வீட்டுக்குள் 240 வருகிறது, அதை நடுவில் பிளந்து 120, 120 ஆக எடுக்கிறோம், 60 ஹேர்ட்ஸ். அங்கே வயரைச் சதுர மில்லிமீற்றரில் சொல்வோம். இங்கே இலக்கம், இலக்கம் கூடினால் கம்பி மெலியும். 14ஆம் நம்பர் செம்புக்கு 15 அம்பியர் பிறேக்கர், 12ஆம் நம்பருக்கு 20. கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் போனால் 347/600 வோல்ட் மும்முனை வந்துவிடும். பெரிய கட்டடங்களின் கூரை விளக்குகள் பலவும் 347இல்தான் எரிகின்றன. ஏணியில் நின்று அதில் கை வைத்துவிட்டு அப்படியே இறங்கி வந்து கதை சொன்னவர்கள் குறைவு. மின்சாரத்தை நிறுத்து, பூட்டுப் போடு, சோதனைக் கருவி வேலை செய்கிறதா என்று உயிருள்ள இடத்தில் பார், பிறகு நீ தொடப்போகிற இடத்தில் பார், மறுபடி கருவியைப் பார்: இந்த ஒழுங்கை வகுப்பில் நூறு தடவை சொல்வார்கள். சலிப்பாக இருக்கும். அவசரக்காரர்கள் நிறைந்த வேலைத்தளத்தில் இதை யாரும் ஒரு தடவைகூடச் சொல்ல மாட்டார்கள்.

கணக்குக்குப் பயப்படுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் நினைக்கிற அளவு கணக்கு இல்லை, ஆனால் இருப்பதைத் தவிர்க்க முடியாது. இரும்புக் குழாயை ஒரு தடையைத் தாண்டி வளைத்துக் கொண்டுபோக வேண்டும் என்று வையுங்கள். தடையின் உயரம் ஆறு அங்குலம். 30 பாகையில் வளைத்தால் இரண்டு வளைவுக்கும் இடையில் பன்னிரண்டு அங்குலம் விட்டுக் குறிக்க வேண்டும். எதற்காக இரண்டால் பெருக்குகிறோம்? சைன் 30 அரை என்பதால்தான். ஓ.எல். வகுப்பில் எதற்கு இந்தச் சனியன் என்று திட்டிய சைன் அட்டவணை, இருபது அடி ஏணி மேல் வந்து கை கொடுக்கிறது. காரணம் தெரியாமலும் வளைக்கலாம். என்னோடு வேலை செய்த ஒருவர் எண்ணை மட்டும் மனப்பாடம் செய்து அழகாக வளைப்பார். ஆனால் பாகை மாறினால் நின்றுவிடுவார்.

பிறகு கோட் புத்தகம். கனடிய மின் விதிநூல் 1927இல் முதலில் வந்தது, இப்போது மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள். ஒன்ராறியோ தன் திருத்தங்களைச் சேர்த்துத் தனக்கென்று ஒரு பதிப்பு வைத்திருக்கிறது. அதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை, பரீட்சையிலும் புத்தகம் தருவார்கள். தேட வேண்டியதை எங்கே தேடுவது என்று தெரிந்திருக்க வேண்டும். ஒரு பெட்டிக்குள் எத்தனை வயர் அடைக்கலாம் என்பதற்குக்கூட அட்டவணை இருக்கிறது: 14ஆம் நம்பர் ஒவ்வொன்றுக்கும் 24.6 மில்லிலீற்றர் இடம், 12ஆம் நம்பருக்கு 28.7. நம் ஆட்கள் பலர் பரீட்சையில் இரண்டு மூன்று தடவை தவறுவதற்கு, நான் பார்த்த அளவில், மின்சாரம் தெரியாதது காரணம் இல்லை. சட்ட ஆங்கிலத்தில் ஒரு வசனத்தில் மூன்று விதிவிலக்கு வரும், அதை நிதானமாகப் படிக்கப் பழகாததுதான். உங்கள் ஆங்கிலம் கிடங்கில் சமாளிக்கிற ஆங்கிலம் என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு இப்போதே மாலை வகுப்பு எடுங்கள். மற்ற எதையும்விட இது அவசரம்.

இனி அந்தக் கைக்காசு யோசனை. இதில் எனக்குக் கொஞ்சம் கசப்பு இருக்கிறது, அதையும் கணக்கில் எடுத்துப் படியுங்கள். நான் இங்கே வந்த புதிதில் ஒரு சின்ன நிறுவனத்தில் பதினொரு மாதம் வேலை செய்தேன். பேஸ்மென்ட்களுக்கு வயர் இழுப்பது, குழி தோண்டுவது, உளியால் சுவர் வெட்டுவது. 'பேப்பர் அடுத்த மாதம் போடுவோம்' என்று ஒவ்வொரு மாதமும் சொன்னார்கள். பன்னிரண்டாம் மாதம் வேலை இல்லை என்றார்கள். அந்தப் பதினொரு மாதத்தில் ஒரு மணி நேரம்கூட என் கணக்கில் ஏறவில்லை, ஏனென்றால் அரசுக்குத் தெரிந்தவரை நான் அங்கே வேலையே செய்யவில்லை. மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்கினேன். மாமாவின் நண்பர் நல்லவராகவே இருக்கட்டும். 2007 தொடக்கத்திலிருந்து, மற்றவர்களுக்கு மின்வேலை செய்கிற எந்த நிறுவனத்துக்கும் ஒப்பந்தகாரர் உரிமம் வேண்டும், அதற்குப் பொறுப்பாக ஒரு மாஸ்டர் எலக்ட்ரிசியன் வேண்டும். உரிமம் தருவது இஎஸ்ஏ எனப்படும் மின்பாதுகாப்பு அதிகார சபை. அவர்களுடைய இணையத்தளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டுப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். வீட்டுக்காரர் தன் சொந்த வீட்டில், அறிவித்து அனுமதி பெற்று, தானே வேலை செய்யலாம் என்பது உண்மை. அதைச் சாட்டாக வைத்துத்தான் பலர் இந்தக் காசு வேலையை நடத்துகிறார்கள். வீடு எரிந்தால் காப்புறுதிக்காரன் கேட்கிற முதல் கேள்விக்கு அவர்களிடம் பதில் இருக்காது. அந்த வேளையில் வயர் இழுத்த கை உங்களுடையதாக இருக்கக் கூடாது.

கல்லூரிக்கும் கைக்காசுக்கும் நடுவில் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. உங்களுக்கு இதை ஏன் யாருமே சொல்லவில்லை என்பது எனக்கு ஆச்சரியம். முன் அப்ரண்டிஸ் பயிற்சி என்று மாகாண அரசு பணம் கொடுத்து நடத்துகிறது. கல்லூரிகளிலும் சில பயிற்சி நிலையங்களிலும் நடக்கும். கட்டணம் இல்லை. பல இடங்களில் முதல் நிலை வகுப்பை அதற்குள்ளேயே முடித்துவிடலாம், அதற்குப் பிறகு சில வாரம் ஒரு நிறுவனத்தில் வேலைப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். இடம் கொஞ்சம்தான், எந்த வருடம் எங்கே நடக்கும் என்பதும் மாறிக்கொண்டே இருக்கும். பகல் வகுப்பாக இருந்தால் உங்கள் இரவு வேலையோடு உடம்பு தாங்குமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு வருடச் சான்றிதழுக்குப் பணம் கட்டுவதற்கு முன் இதற்கு விண்ணப்பியுங்கள். இது கிடைக்காவிட்டால், முதலாளியும் கிடைக்காவிட்டால், அதன் பிறகு சான்றிதழை யோசிக்கலாம். அப்போதும் கல்லூரியில் ஒரு கேள்வி கேளுங்கள்: இதை முடித்தவர்கள் முதல் நிலை விலக்குப் பரீட்சை எழுதுகிறார்களா, தேறுகிறார்களா? அதைத் தேறினால் பிறகு அப்ரண்டிஸ் ஆகும்போது எட்டு வாரம் மிச்சம்.

இனி உறுதியாகச் சொல்ல முடியாத பகுதி. சான்றிதழ் இருந்தால் வேலை சுலபமாகக் கிடைக்குமா? கிடைக்கும் என்று கல்லூரிகள் சொல்லும். எனக்குத் தெரிந்த முதலாளிகள் பாதிப் பேர் அதைப் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள், மற்றப் பாதிப் பேர் 'கார் இருக்கிறதா, காலை ஆறரைக்கு வருவாயா' என்று மட்டும் கேட்பார்கள். நான் ஆள் எடுக்கிற ஒப்பந்தகாரன் இல்லை, எடுப்பவரின் பக்கத்தில் நின்று பார்த்தவன். அவ்வளவுதான் என் சாட்சியம். முதலாளிக்கு உண்மையில் பெரிய தடை வேறு. ஒவ்வோர் அப்ரண்டிஸுக்கும் உரிமம் பெற்ற ஒருவர் இருக்க வேண்டும். 2018இல் இந்த விகிதத்தை ஒன்றுக்கு ஒன்று என்று ஆக்கினார்கள். மூன்று உரிமக்காரர்கள் உள்ள நிறுவனத்தில் ஏற்கெனவே மூன்று அப்ரண்டிஸ் இருந்தால், நீங்கள் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அங்கே இடம் இல்லை. 'இல்லை' என்ற பதிலை மனதுக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். எனக்கு நாற்பத்திச் சொச்சம் 'இல்லை'க்குப் பிறகுதான் ஒரு 'வா' கிடைத்தது.

தொழிற்சங்க வழியும் இருக்கிறது. ரொறன்ரோவில் ஐபிஇடபிள்யூ என்ற மின்தொழிலாளர் சங்கத்தின் 353ஆம் கிளை. அங்கே ஆள் எடுக்கும்போது தேர்வும் நேர்முகமும் உண்டு, போட்டி பலம். கிடைத்தால் சம்பளமும் ஓய்வூதியமும் நல்லது, அப்ரண்டிஸ் பதிவு பற்றி யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. நான் சங்கத்தில் இல்லை, அதனால் உள்ளே எப்படி என்பதை அங்கே இருப்பவரிடம்தான் கேட்க வேண்டும். விண்ணப்பம் போட்டுவைப்பதால் ஒன்றும் குறையாது.

பணத்தைப் பற்றி அத்தான் உங்களுக்குச் சொல்லாதது ஒன்று. முதல் வருடச் சம்பளம், வழக்கமாக, உரிமக்காரரின் சம்பளத்தில் நாற்பது சதவீத அளவு. பிறகு 1800 மணிக்கு ஒருமுறை பத்துப் பத்தாக ஏறி, கடைசிக் கட்டத்தில் எண்பது வரை போகும். சங்கம் இல்லாத இடங்களில் இதுவும் பேரம்தான். மேலதிக நேரத்தோடு கிடங்கில் இப்போது எடுப்பதைவிட முதல் வருடம் குறைவாகவே வரலாம். ஊருக்குக் காசு அனுப்புகிறவராக இருந்தால் வீட்டில் இப்போதே சொல்லிவையுங்கள். உயரத்தில் வேலை செய்வதற்கான பயிற்சி கட்டுமானத் தளங்களில் கட்டாயம், மூன்று வருடத்துக்குச் செல்லும். சில முதலாளிகள் அதற்குப் பணம் தருவார்கள், சிலர் எடுத்துக்கொண்டு வா என்பார்கள். வேலைக் கருவிகளுக்குச் சில நூறு டொலர் ஒதுக்குங்கள். முதலில் வாங்க வேண்டியது சிவப்புப் பிடி போட்ட சதுரத் தலை ரொபர்ட்சன் திருப்புளி (ஸ்குறூ டிரைவர்). ஊரில் அதைக் கண்டிருக்க மாட்டீர்கள். கனடாக்காரர் ஒருவரின் கண்டுபிடிப்பு, 1908இல் இங்கே பக்கத்து மில்ற்றனில் தொழிற்சாலை போட்டுச் செய்யத் தொடங்கியது. இந்த நாட்டுப் பெட்டிகளும் ஆளிகளும் பாதி அதில்தான் திறக்கும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் கிடங்கு வேலையை இப்போது விடமாட்டேன். இந்த வாரமே முன் அப்ரண்டிஸ் பயிற்சிக்கும் சங்கத்துக்கும் விண்ணப்பிப்பேன். இஎஸ்ஏ பட்டியலில் ஸ்காபுறோ, மார்க்கம், பிக்கறிங் பக்கத்து உரிம நிறுவனங்களை எடுத்து, காலை ஆறரைக்கு நேரே போய் நிற்பேன். மின்னஞ்சலைவிட அது பலிக்கும். வா என்று சொல்கிறவரிடம் மூன்றே கேள்வி: எந்தத் திகதியில் என்னைப் பதிவு செய்வீர்கள், உங்களிடம் இப்போது எத்தனை உரிமக்காரர், எத்தனை அப்ரண்டிஸ்? மூன்று மாதச் சோதனைக் காலம் கேட்பது நியாயம். அதற்கு மேல் இழுத்தால் நன்றி சொல்லி வந்துவிடுங்கள். சம்பளத் துண்டுகளை எறியாதீர்கள். மணிக் கணக்கை உங்கள் கையாலும் ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள், மாதம் ஒருமுறை உரிமக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

கடைசியாக, யாழ்ப்பாணத்தில் பெரியப்பாவோடு ஒன்றரை வருடம் வயரிங் வேலை செய்ததை இங்கே எண்ணுவார்களா என்று கேட்டிருந்தீர்கள். வெளிநாட்டு அனுபவத்தை மதிப்பிட்டு நேரே பரீட்சைக்கு விடுகிற வழி ஒன்று இருக்கிறது. ஆனால் அது அங்கே முழுத் தொழிலாகப் பல வருடம் செய்து, கடிதங்களோடு நிரூபிக்கக் கூடியவர்களுக்கு. ஒன்றரை வருடம் அதற்குப் போதாது. என்றாலும் பெரியப்பாவிடம் திகதி, செய்த வேலை, மணி நேரம் எல்லாம் போட்டு ஒரு கடிதம் வாங்கி, மொழிபெயர்த்து வையுங்கள். புது ஆளுக்குக் கம்பி பிடிக்கத் தெரியும் என்று ஒரு முதலாளி நம்ப அது உதவும். அந்தக் கடிதத்தைக் காட்டும்போது, அங்கே கறுப்பு நொதுமல், இங்கே கறுப்பு உயிர்க்கம்பி என்று நீங்களாகவே சொல்லுங்கள். அவர் உங்களை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார்.